டாட்டா, கோத்ரெஜ் இல்லாத பார்சிக் கதைகள்

ஈரானிலிருந்து வந்து குடியேறிய ஜரதுஷ்டிர மதத்தவரான பார்சிகள் என்று பேச்செடுத்தாலே டாட்டா, கோத்ரெஜ், அணு விஞ்ஞானி ஹோமி பாபா என்று வரிசையாகப் பெயர் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். பார்சி எழுத்தாளர் ரோஹின்டன் மிஸ்திரி 1987-ல் வெளியிட்ட முதல் சிறுகதைத் தொகுப்பான 'டேல்ஸ் ஃப்ரம் ஃபிரோஷா பாக்'-கில் வருகிறவர்கள் வேறு ஆட்கள். பம்பாயில் ஃபிரோஷா பாக் என்ற பார்சிக் குடியிருப்பு, அங்கே இருப்பவர்கள், அங்கிருந்து கிளம்பிப் போனவர்கள். மொத்தம் 11 கதைகள். மிஸ்திரியும் 1975-ல் பம்பாயை விட்டுக் கனடாவுக்குப் போனவர்தான்.

கடைசிக் கதையில், அந்தக் குடியிருப்பிலிருந்து போன கெர்சி, தான் எழுதிய கதைகளை டொராண்டோவிலிருந்து பெற்றோருக்கு அனுப்புகிறான். படித்த அப்பாவுக்கு ஒரு குறை. நம் சமூகத்தின் பெருமைகளையும் கொஞ்சம் சேர்த்திருக்கலாமே என்று. அவருடைய ஆதங்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. 1941 கணக்கெடுப்பில் 1,14,000-க்கு மேல் இருந்த பார்சிகள் 2011-ல் 57,264 பேர். தேய்ந்துகொண்டே வரும்போது பெரிய பெயர்களை இறுகப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனாலும் நான் மகன் பக்கம்.

இதே தொகுப்பில் வரும் சரோஷின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்தில் முழுக் கனடாக்காரன் ஆகிவிடுவேன், இல்லையென்றால் திரும்பிவிடுவேன் என்று சபதம் போட்டுப் போனவன். பெயரைக்கூட சிட் என்று மாற்றிக்கொண்டான். ஆனால் மேற்கத்தியக் கழிப்பறையில் உட்கார்ந்தால் அவனுக்குப் போகவே போகாது. மேலே ஏறிக் குந்தினால்தான் உண்டு. ஊர் திரும்பும் விமானத்தில்தான் முதல்முறையாக அது கைகூடுகிறது. அப்புறம் பம்பாயும் அவனுக்கு ஒட்டவில்லை. இதைச் சிரிப்புக் கதை என்கிறவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. வெளியூர் போனவனின் வெட்கத்தை, வெளியே சொல்ல முடியாத இடத்தில் தொட்டுக் காட்டிய கதை அது.

எனக்கு அதைவிடவும் நெருக்கமானது துக்கம் விசாரிக்கும் கதை. கணவரை இழந்த தௌலத்தின் வீட்டில் உறவுகள் கூடியிருக்கின்றன. இறந்தவருடைய பழைய பார்சித் தலைப்பாகை ஒன்று பத்திரமாக இருக்கிறது. இப்போது அதை அணிகிறவர்கள் அரிது. தன் கல்யாணத்துக்கு அப்படி ஒன்றைத் தேடி ஒரு பையன் வருகிறான். துக்க வீட்டில் இதென்ன கூத்து என்று உறவுகள் பதறுகின்றன. தௌலத் அவனைத் தலையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறாள். சரியாகப் பொருந்துகிறது. காசு வாங்காமலே கொடுத்தனுப்புகிறாள்.