மண்சரிவுக்குச் சாமியைச் சாட்டாதீர்கள்

கடவுள் நம்பிக்கையும் விஞ்ஞானமும் ஒத்துப்போகுமா? போகும் என்பதுதான் என் பக்கம். ஆனால் சும்மா ஒத்துப்போகாது. மண், மழை, நோய் என்று வந்துவிட்டால் தீர்ப்புச் சொல்லும் இடத்தை நம்பிக்கை விட்டுக்கொடுக்க வேண்டும்.

நம்ம மலையகச் சனத்துக்கு இது புதிதல்ல. தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் ரோதை முனியைக் கும்பிடுகிறோம், இயந்திரத்தோடு சேர்ந்தே வந்த சாமி அவர். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்கு முன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல் வைக்கிறோம். அதற்காகக் கத்தியைத் தீட்டாமல் யாரும் மலைக்குப் போவதில்லை. முனி காப்பார் என்று கொழுந்து அரைக்க ஓடுகிற ரோலருக்குள் யாரும் கையை விடுவதும் இல்லை. ஆபத்தான வேலைக்குப் போகிறவர் தன் பயத்தை இறக்கி வைக்கிற இடம் அந்தப் பூசை. அதை மூடநம்பிக்கை என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

இன்னொரு பக்கம், பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்பு முதல் அணு வரை எல்லாம் நம்ம வேதத்திலேயே இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான ஜோர்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், படைப்புக்கு விஞ்ஞானமே சாட்சி சொல்கிறது என்ற விதமாகப் பேசியபோது லெமேத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கொள்கையை மதத்துக்கு ஆதாரமாகக் காட்ட அவர் விரும்பவில்லை. பூசை வைக்கிற ஒரு சாமியாருக்கே இருந்த அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

அம்மை, அதாவது கொப்புளிப்பான், போட்டால் வேப்பிலை கட்டுங்கள், அம்மாளுக்கு நேர்த்தி வையுங்கள், சரி. ஆனால் கர்ப்பிணிக்குப் போட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலைப் பாதிக்கக்கூடிய வைரஸ் நோய் அது. கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால் பலன் அதிகம். அம்மாள் இறங்கியிருக்கும்போது மருந்து கூடாது என்று தடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. அதனால் எந்தத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா நின்றுபோனது? இன்னமும் கரகம் பாலிக்கிறோம், தீ மிதிக்கிறோம்.

என்னை உண்மையில் கோபப்படுத்துவது மண்சரிவுப் பேச்சு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மண் மூடியது. அது ஆபத்தான இடம் என்பது முன்பே தெரிந்திருந்தது, எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் எழும்பிப் போக அந்தச் சனத்துக்குச் சொந்தக் காணி எங்கே இருந்தது? இப்படிப்பட்ட சாவையும் விதி என்றும் சாமி குத்தம் என்றும் சொல்கிறார்கள். சரிவில் லயம் கட்டியவர்களும், காணி கொடுக்காமல் இழுத்தடித்தவர்களும் அந்த ஒரு சொல்லில் தப்பிவிடுகிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கோயிலில் போய் அழட்டும், அந்த ஆறுதலை எந்த ஆய்வுகூடமும் தராது. ஆனால் மண் ஏன் சரிந்தது என்ற கேள்விக்குக் கோயிலில் பதில் தேடக் கூடாது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கி அழுத்தம் கூடும்போது சரிவின் பிடி விடுகிறது. தண்ணீர் வடிகிற கான் அடைபட்டிருந்தால் இன்னும் மோசம். சுவரில் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவையெல்லாம் முன்கூட்டியே தெரிகிற அறிகுறிகள்.

கோயில் கமிட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். பல தோட்டங்களில் எல்லா லயத்துக்கும் கேட்கிற ஒலிபெருக்கி கோயிலில்தான் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டால், அந்த இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று அர்த்தம். அதை நடுச்சாமமானாலும் அந்த ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். ராத்திரி தங்கக் கோயில் மண்டபம் பாதுகாப்பான இடத்தில் இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள். அடுத்த மழைக்கு முன்னமே இதை யார் செய்வது என்று கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்.