கோட்டில் சேராத புள்ளி

போன வாரம் மகள் சாப்பாட்டு மேசையில் இயற்பியல் அமாலி (செய்முறை) அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். படிவம் 5. கிராஃப் தாளில் ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு எங்கோ நின்றது. அதை அழித்து, நைசாகக் கோட்டின் மேல் கொண்டுவந்து வைத்தாள். "எல்லாரும் இப்படித்தான்பா. இல்லாட்டி மார்க் போயிடும்."

நான் பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் கியூசி, அதாவது தரக் கட்டுப்பாடு. ஒரு ரீடிங் விலகினால் அந்தத் தொகுதி (லாட்) முழுவதையும் நிறுத்தி, ஏன் என்று தேடத்தான் எனக்குச் சம்பளம். என் வீட்டிலேயே இப்படி!

அவள் புத்தகத்தின் கடைசிப் பாடம் குவாண்டம் இயற்பியல். அந்தப் பாடமே கோட்டில் சேராத புள்ளிகளால் வந்ததுதான். 1900 அக்டோபரில் பெர்லினில் ரூபன்ஸ் என்ற இயற்பியலாளர், சூடான பொருள் உமிழும் அகச்சிவப்புக் கதிரை அளந்தார். அந்தக் கதிரின் அளவைச் சொல்ல அப்போதிருந்த வீன் சூத்திரம் நீண்ட அலைநீளங்களில் உதைத்தது. இயற்பியலாளர் பிளாங்க்கிடம் போய்ச் சொன்னார். பிளாங்க் புதுச் சூத்திரம் தேடினார். குவாண்டம் அங்கிருந்துதான் தொடங்கியது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, உலோகத்தில் எலக்ட்ரானைப் பாய்ச்சிச் சிதறலை அளந்த டேவிசன் கதை. 1925இல் நியூயார்க் பெல் ஆய்வகத்தில் திரவக் காற்றுப் புட்டி வெடித்து, வெற்றிடக் குழாய் உடைந்தது. உள்ளே இருந்த நிக்கல் துண்டில் ஆக்சைடு படிந்துவிட்டது. நம் லைனாக இருந்தால் ஸ்கிராப்பில் போட்டிருப்போம். டேவிசனும் அவருடன் வேலை செய்த ஜெர்மரும் அதைச் சூடாக்கிச் சூடாக்கிச் சுத்தம் செய்தார்கள். அந்தச் சூட்டில் பொடிப் பொடிப் படிகங்கள் சேர்ந்து பெரிய படிகங்களாகிவிட்டன. திரும்ப எலக்ட்ரானைப் பாய்ச்சினால், சிதறல் முன்பு போல இல்லவே இல்லை. குழாய் சரியில்லை என்று விட்டுவிடாமல் துரத்திப் போனார்கள். 1927இல் தெரிந்தது, எலக்ட்ரான் அலை மாதிரியும் நடந்துகொள்கிறது என்று.

அப்புறம் அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன். ஒளி துகளாக வருகிறது என்ற ஐன்ஸ்டைனின் விளக்கத்தை அவர் நம்பவேயில்லை. வெற்றிடக் குழாய்க்குள்ளேயே கத்தி வைத்து உலோகத்தைச் சீவிச் சீவி, ஒளி பட்டு அதிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வருடக்கணக்கில் அளந்தார். ஒளியின் அதிர்வெண்ணோடு சேர்த்து கிராஃப் போட்டால், ஐன்ஸ்டைன் சொன்ன நேர்கோடே வந்தது. விளக்கத்தை ஏற்காமலே 1916இல் ரீடிங்கை அச்சிட்டார்.

ஆசிரியர் நண்பர்கள் கோபிக்காதீர்கள். ஒத்துப்போகாத ரீடிங்கை அப்படியே எழுதி, காரணம் யோசிக்கிற பிள்ளைக்குத்தான் கூடுதல் மார்க் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் மகளிடம் ஒரு மூச்சு பேசினேன். மறுநாள் போனை நீட்டினாள். "உங்க மில்லிகனும்தான்பா!" எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்க அவர் செய்த எண்ணெய்த்துளிச் சோதனை. 1913 கட்டுரையில் 58 துளிகள், எதையும் பொறுக்கி எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அவருடைய நோட்டிலோ அதைவிட நிறையத் துளிகள். எனக்குப் பதில் வரவில்லை.

ஆனாலும் அழித்த புள்ளியைப் பழைய இடத்திலேயே வைத்துத்தான் அறிக்கையைக் கொடுத்தாள். மார்க் இன்னும் வரவில்லை.