வாடகை கேட்டால் பேராசையா?

வாடகை பாக்கிக்காக, தன் கட்டிடத்தில் இருக்கும் உள்ளாட்சி ஆபீசுக்கு ஒரு அம்மா பூட்டுப் போட்டுவிட்டார். நேற்றிலிருந்து சேலத்து வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் அந்தப் பூட்டுப் படம்தான். 'மக்கள் பணத்தைத் தின்றுவிட்டு இப்போது திமிரைப் பார்' என்று ஒருவர். அந்த அம்மாவுக்கு வாடகை வந்து எத்தனை மாதம் ஆகிறது என்று ஒருவராவது கேட்டீர்களா? படத்தில் பூட்டுதானே தெரியும், பாக்கியா தெரியும்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். தனியார் கட்டிடத்தில் குடியிருக்கும் உள்ளாட்சி அமைப்பும் வாடகைதாரர்தான். தன் கடையை ஏலத்தில் எடுத்தவர் பாக்கி வைத்தால் உடனே சீல் வைக்கத் தெரிகிறதல்லவா? தான் பாக்கி வைத்தால் மட்டும் 'நிர்வாகக் காரணம்'.

எங்கள் ஊர் சேலத்துக்குப் பக்கம்தான், பெயர் வேண்டாம். தாத்தா தறி போட்டிருந்த முன்கட்டை அப்பா உள்ளாட்சியின் வரிவசூல் ஆபீசுக்கு வாடகைக்கு விட்டார். வாடகையை உயர்த்தக் கேட்டபோது, இந்தக் கட்டிடத்துக்கு இவ்வளவு வாடகை தகும் என்று பொதுப்பணித்துறை தரும் நியாய வாடகைச் சான்று வரட்டும் என்றார்கள். நியாயம்தான். டேப்போடு வந்தவர், மூடிய தறிக்குழிமேல் சிமெண்ட் லேசாக இறங்கியிருந்ததைக் காலால் தட்டிப் பார்த்து, 'தரை சரியில்லையே' என்று குறித்துக்கொண்டார். ஒருவழியாகச் சான்று வந்தது. அப்புறம் அதை உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் விவாதப் பொருளாக வைக்கவில்லை. வைத்தபோது மேனேஜர் மாறிவிட்டார். புது மேனேஜருக்கு ஃபைல் கிடைக்கவில்லை. நடுவில் பழைய வாடகையும் நின்றுபோனது.

இதில் ஒரு கூத்து. அந்தக் கட்டிடத்துக்கான சொத்துவரியை அப்பா அதே ஆபீசில்தான் கட்ட வேண்டும். தன் வீட்டு முன்கட்டில், தானே வரிசையில் நின்று கட்டிவிட்டு வருவார். இன்றைக்கு நகர்ப்புறங்களில் சொத்துவரி தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி. வாடகை பாக்கிக்கு வட்டி கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

'ஆபீசைப் பூட்டினால் ஜனங்கள் எங்கே போவார்கள்?' என்கிறீர்கள். சரி, பூட்டுப் போட்டது முறையில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனங்கள்மேல் அவ்வளவு அக்கறை இருப்பவர்கள் வாடகையைக் கட்டியிருக்கலாமே.

'கோர்ட்டுக்குப் போகலாமே?' போகலாம். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருக்கிறது. அதில் விலக்கு உள்ளாட்சிக்குச் சொந்தமான கட்டிடங்களுக்குத்தான், உள்ளாட்சி வாடகைக்கு இருக்கும் கட்டிடத்துக்கு இல்லை. ஆனால் நீங்கள் ஜெயித்தால் அவர்கள் அப்பீல் போவார்கள். வக்கீல் பீஸ் அவர்கள் பாக்கெட்டிலிருந்தா போகிறது? நம் வரிப்பணம்.

மக்கள் நீதிமன்றத்தில் உட்கார்ந்து பேசினால் முடிகிற விஷயம் இது. அங்கே சமரசம் ஆனால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஏன் முடிவதில்லை? வருகிற அலுவலருக்குக் கையெழுத்துப் போட அதிகாரம் இருக்காது, இல்லை தணிக்கை பயம். சமரசத்தில் கொடுத்தால் 'ஏன் கொடுத்தாய்?' என்று கேள்வி வரும். தீர்ப்பு வந்து செலவோடு சேர்த்துக் கொடுத்தால் ஒரு கேள்வியும் வராது! சான்றில் இருக்கும் தொகை வரை பேசி முடிக்கலாம் என்று மன்றம் முன்கூட்டியே ஒரு தீர்மானம் போட்டால் போதும். தகராறு இல்லாத பழைய வாடகையையாவது மாதாமாதம் கட்டிக்கொண்டே பேசலாம். இதற்குக்கூடவா கோட்டையிலிருந்து ஆணை வர வேண்டும்?

'கட்டிடம் வைத்திருப்பவருக்கு என்ன குறை?' என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அப்பா அந்த வாடகையை நம்பித்தான் தறியை விற்றார். ஃபைலைத் தேடச் சொல்லி நின்றபோது, அவர் பேரன் வயது ஆள் ஒருவன், 'பெருசு, அடுத்த மாசம் பாக்கலாம்' என்றான். நின்றுகொண்டிருந்தது எங்கள் திண்ணையில்.

அந்த அம்மா செய்தது தப்பு என்று கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், வாதம் செய்கிறேன். 'காசுப் பேய்' என்று எழுதுபவர்களை பிளாக் செய்துவிடுவேன், சொந்தக்காரராக இருந்தாலும்.