மூடின ஏர்லைனுக்கு நான் ஏன் வருத்தப்படறேன்னு கேட்டவருக்கு

ஏர்போர்ட்ல ஏறி இறங்கற ஃப்ளைட்டைப் பார்க்க நாம கூடற பரங்கிமலை மேல சனிக்கிழமை நடந்தது உங்கள்ல பாதிப் பேருக்கு நேர்லயே தெரியும். மீதிப் பேருக்கு அந்த வீடியோ வந்திருக்கும். கோபத்துல எழுதக் கூடாதுன்னு ரெண்டு நாள் பேசாம இருந்தேன். கோபம் போகலை. எழுதாம விட்டாலும் மனசு ஆறாது.

"நஷ்டத்துல மூடின கம்பெனிக்கெல்லாம் ஒப்பாரி வைக்கறதே உனக்கு வேலையாப் போச்சு. ஜெயிச்சவன் ஜெயிச்சான். டிக்கெட் கிடைக்குதா, நேரத்துக்குப் போகுதா, அவ்ளோதான்." நண்பர் சொன்னது இதுதான். சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. கேமரா வச்சிருந்தவர் ரன்வேயை விட்டுட்டு என் முகத்தைப் படம் எடுத்தார்.

நான் அன்னைக்குச் சொன்னது ஒரே விஷயம். இவ்வளவு பெரிய நாட்டோட வானத்தை ரெண்டு ஏர்லைன் கையில குடுத்துட்டு நாம நிம்மதியா இருக்க முடியாது. இதுல சிரிக்க என்ன இருக்கு?

2012 அக்டோபர்ல கிங்ஃபிஷர் நின்னுச்சு. 2019 ஏப்ரல் 17 ராத்திரி அமிர்தசரஸ்ல இருந்து மும்பை வந்து இறங்கினதோட ஜெட் ஏர்வேஸ் முடிஞ்சுது. 2023 மே மாசம் கோ ஃபர்ஸ்ட். 2024 நவம்பர் 12-ல இருந்து விஸ்தாராங்கற பேரே இல்ல, ஏர் இந்தியாவுக்குள்ள கரைஞ்சாச்சு. ஒவ்வொரு தடவையும் "சந்தை பாத்துக்கும்"னுதான் சொன்னாங்க. சந்தை பாத்துக்கிட்டதோட பலன், இன்னைக்கு உள்நாட்டுல பறக்கற நூறு பேர்ல அறுபது பேருக்கு மேல இண்டிகோலதான் போறாங்க. ஏர் இந்தியா குழுமத்தையும் சேர்த்தா கிட்டத்தட்ட தொண்ணூறு.

2025 டிசம்பர் மறந்துபோச்சா? பைலட்டுக்கு வார ஓய்வு 36 மணி நேரம் இருந்ததை 48 ஆக்கணும், ராத்திரி லேண்டிங்கை ஆறுல இருந்து ரெண்டாக் குறைக்கணும்னு விதி. நேத்து ராத்திரி போட்ட விதி இல்ல. 2024 ஜனவரியிலயே அறிவிச்சது. இண்டிகோ அதுக்கு ஏத்த மாதிரி ஆள் வச்சுக்கலை. டிசம்பர் 5 ஒரே நாள்ல ஆயிரத்துக்கும் மேல ஃப்ளைட் ரத்து. மறுநாள் அரசாங்கமே கட்டணத்துக்கு உச்சவரம்பு போட வேண்டியதாப் போச்சு, 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500 ரூபாய்னு. இதெல்லாத்தையும் விட எனக்கு வயிறெரிஞ்சது வேற. அந்த ஓய்வு விதியையே அவங்களுக்காகக் கொஞ்ச காலத்துக்குத் தளர்த்தினாங்க. கம்பெனி வளைஞ்சு குடுக்கலை, விதி வளைஞ்சு குடுத்துச்சு. பைலட்டோட தூக்கம் சம்பந்தப்பட்ட விதி! இவங்க ஒருத்தர் நின்னா நாடே நிக்கும்னு ஆனப்புறம் அரசாங்கம்தான் வேற என்ன பண்ணும்? இதைத்தான் சொன்னேன். ரெண்டே பேர் கையில குடுக்காதீங்க.

"இண்டிகோ மேல உனக்குப் பொறாமை"ன்னு ஒருத்தர். எனக்கு என்ன பொறாமை, நானா ஏர்லைன் நடத்தறேன்? 2006-ல இருந்து ஏர்பஸ் ஏ320-யையே முதுகெலும்பா வச்சு, தரையில நிக்கற நேரத்தைக் கணக்குப் பார்த்துக் குறைச்சு அவங்க வளர்ந்த விதத்தை நானே எத்தனையோ தடவை பாராட்டி எழுதியிருக்கேன். அவங்க நல்லா ஓடட்டும். பக்கத்துல இன்னும் நாலு பேர் ஓடணும்.

"அமெரிக்காவுலயும் நாலு பேர்தான்"னு இன்னொருத்தர். நாலும் ரெண்டும் ஒண்ணா?

"மல்லையாவுக்கு வக்காலத்து வாங்கறியா"ங்கறதுதான் ரொம்ப வலிச்சுது. கிங்ஃபிஷர் முதலாளிக்கு நான் எப்ப வக்காலத்து வாங்கினேன்? கேப்டன் கோபிநாத் 2003-ல ஆரம்பிச்ச ஏர் டெக்கான், ஃப்ளைட்டையே நினைச்சுப் பார்க்காத ஜனங்களை ஏத்திக்கிட்டுப் போச்சு. அதை கிங்ஃபிஷர் விழுங்கி, தானும் முழுகினது கண்ணுக்கு முன்னாடி நடந்தது. முதலாளி பண்ண தப்பு வேற. ஆனா பெட்ரோல் மாதிரியே விமான எரிபொருளும் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியிலதான் இருக்கு, மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வாட் வரி. விமான வாடகை டாலர்ல, டிக்கெட் வசூல் ரூபாயில. கோ ஃபர்ஸ்ட்டுக்கு இன்ஜின் இல்லாமலே பாதி விமானம் தரையில நின்னுச்சு. இதெல்லாம் தெரிஞ்சும் "நிர்வாகம் சரியில்ல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சா எப்படி?

நான் ஏன் இவ்வளவு படபடக்கறேன்னு கேட்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2007-ல அப்பாவை மதுரையில இருந்து சென்னைக்கு பாரமவுன்ட் ஏர்வேஸ்ல கூட்டிட்டு வந்தேன். சின்ன எம்ப்ரேயர் விமானம், இந்தப் பக்கம் ரெண்டு சீட், அந்தப் பக்கம் ரெண்டு சீட், நடு சீட்டே கிடையாது. அப்பாவுக்கு அதுதான் முதல் ஃப்ளைட், கடைசியும் அதுதான். துண்டை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு பெல்ட்டைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார். ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு பக்கத்துல மண்டியிட்டு, பெல்ட்டைப் போட்டுவிட்டு, "ஐயா, இறுக்கமா இருக்கா?"ன்னு தமிழ்ல கேட்டுச்சு. அப்பா அதைச் சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தார். 2010-ல விமானங்களைக் குத்தகைக்குக் குடுத்தவங்களோட தகராறுல அந்தக் கம்பெனி நின்னுபோச்சு. நம்ம ஊர்க் கம்பெனி. யாரும் ஒரு வார்த்தை பேசலை.

போன வருஷம் அம்மா. எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்ல. வீல்சேர் முன்னாடியே சொல்லி வச்சும் வரலை, முக்கால் மணி நேரம் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணுகிட்ட கேட்கப் போனேன். "அவசரம்னா நடக்கச் சொல்லுங்க சார், இல்லன்னா அடுத்த ஃப்ளைட்ல போங்க"ன்னு பதில் வந்துச்சு. அன்னைக்கு எங்க ஊருக்கு அடுத்த ஃப்ளைட்டும் அதே கம்பெனியோடதுதான். அது அந்தப் பொண்ணுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா என் தோளைப் பிடிச்சு நடந்தே வந்தாங்க. வேற ஒரு கம்பெனி பக்கத்து கவுன்ட்டர்ல இருந்திருந்தா அந்தப் பதில் வந்திருக்குமா? எனக்குத் தெரிஞ்சு வந்திருக்காது.

இதைத்தான் ஒப்பாரின்னு சொன்னீங்க.

பதினேழு வருஷமா அந்த மலையேறி வரேன். வால்ல இருக்கற நிறத்தை வச்சே எந்த ஏர்லைன்னு தூரத்துல இருந்து சொல்லுவோம், யார் முதல்ல சொல்றதுன்னு போட்டி வேற. இப்ப அந்தப் போட்டியை வச்சு எத்தனை மாசமாச்சு, நீங்களே சொல்லுங்க. திரும்பத் திரும்ப இண்டிகோவோட ஒரே நீல வால். சலிச்சுப்போய் உங்கள்லயே மூணு பேர் வர்றதை நிறுத்திட்டீங்க. அவங்க ஏன் வரலைன்னு யாரும் கேட்டுச் சிரிக்கலை.

வர்ற சனிக்கிழமை நான் வரலை. உங்க ட்ரைபாட் என்கிட்டதான் இருக்கு. வியாழக்கிழமைக்குள்ள ஆள் அனுப்பி வாங்கிக்கோங்க.