அகிஹிடோ விலகலை மக்கள் எதிர்க்கவில்லை
"ஜப்பான் மக்கள் எதிர்த்தும் பேரரசர் அகிஹிடோ தன் இஷ்டத்துக்குப் பதவியை விட்டார்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

2016 ஆகஸ்ட் 8 அன்று, 82 வயதில், தொலைக்காட்சியில் சுமார் 10 நிமிடம் பேசினார். உடல் தளர்கிறது, கடமைகளை முன்போலச் செய்ய முடியுமா என்று கவலையாக இருக்கிறது என்றார். 'விலகுகிறேன்' என்ற சொல்லே அதில் இல்லை. அரசியல் விஷயத்தில் பேரரசர் வாய் திறக்க அரசமைப்பு இடம் தராது, பாவம்! அதன்பின் வந்த கருத்துக்கணிப்புகளில் பெரும்பான்மையினர் அவர் ஓய்வெடுக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரண முகாம்களில் மண்டியிட்டு உட்கார்ந்து ஜனங்களிடம் பேசியவர் அல்லவா?

எதிர்ப்பே இல்லையா என்றால், இருந்தது. அவர் விலக வேண்டாம், அவர் சார்பில் கடமைகளைச் செய்ய ஓர் அரசப் பிரதிநிதியை நியமித்தால் போதும் என்று பழமைவாத அறிஞர்கள் சிலர் வாதிட்டார்கள். அதை மக்கள் கருத்து என்று சொல்ல முடியாது.

அப்புறம் அந்த 'இஷ்டம்'. அரியணை வாரிசு விதிகளைச் சொல்லும் அரண்மனைச் சட்டத்தில், பேரரசர் உயிரோடு இருக்கும்போது விலக வழியே கிடையாது. 2017இல் நாடாளுமன்றம் அவருக்கு மட்டும் பொருந்தும் தனிச்சட்டம் போட்ட பிறகே 2019 ஏப்ரல் 30 அன்று விலகினார். அதற்கு முன் ஒரு பேரரசர் விலகியது 1817இல்.