கோர்ட்டு கோயிலாகட்டும், கூரையில் கான்கிரீட் ஏற்றாதீர்கள்

பழைய கோர்ட்டு கட்டடத்தை மாதா கோயிலாக்கினால் பாரம்பரியம் போய்விடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செட்டிநாட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆள் புழங்காமல் பூட்டிக் கிடக்கும் வீடு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஓடு சரியும், கரையான் ஏறும். கடைசியில் நிலைக்கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலைக்கு நிற்கும். ஞாயிறுதோறும் நூறு பேர் வந்து போகும் கட்டடத்தில் ஒரு சொட்டு ஒழுகினாலும் அன்றே யாராவது அண்ணாந்து பார்ப்பார்கள்.

கோர்ட்டுக்கும் கோயிலுக்கும் உறவு பழையது. வேளாங்கண்ணியைப் பசிலிக்கா என்கிறோமே, அது ரோமாபுரியில் வழக்கு விசாரணையும் வணிகமும் நடந்த பொது மண்டபத்தின் பெயர். நீண்ட கூடம், இருபுறமும் தூண் வரிசை, கோடியில் நீதிபதி அமரும் மேடை. 4-ஆம் நூற்றாண்டில், கான்ஸ்டன்டைன் காலத்தில், பெரிய ஆலயங்கள் எழும்பியபோது இந்த அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நம் பக்கத்திலும் கட்டடம் வேலை மாறியதற்குச் சான்று உண்டு. மதுரை திருமலை நாயக்கர் மகால் 1636-இல் அரண்மனையாக எழுந்தது. சிதிலமடைந்ததை மெட்ராஸ் கவர்னர் நேப்பியர் பிரபு காலத்தில் பழுதுபார்த்தார்கள். 1970 வரை அங்கே கோர்ட்டு நடந்தது. புழக்கம் இருந்ததால் கட்டடம் நின்றது.

எனவே என் கவலை எல்லாம் எப்படி மாற்றுகிறார்கள் என்பதில்தான். கெடுதல் பெரும்பாலும் கூரையில் தொடங்கும். அந்தக் காலத்துக் கோர்ட்டு கட்டடங்களில் பலவற்றுக்கும் மெட்ராஸ் டெரஸ் என்னும் தட்டைக் கூரை. தேக்கு விட்டங்களின் மேல் சட்டங்கள், அதன்மேல் சிறு செங்கல்லைச் சாய்வாக நிறுத்தி அடுக்கிய வரிசை, அதன்மேல் திமிசுக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய சுண்ணாம்பு ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. ஒழுகினால் முதலில் மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்புவாயைப் பாருங்கள். சருகு அடைத்திருக்கும், அல்லது அரசங்கன்று வேர்விட்டிருக்கும். கன்றைப் பிடுங்கினால் காரையும் சேர்ந்து பெயரும். தண்டை அடியோடு வெட்டி, வேர் காய்ந்தபிறகு இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். அடுத்தது நீர் வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு. ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் பார்க்காமல் மேலே ஒரு கான்கிரீட் போட்டுவிடலாம் என்பார் ஒப்பந்தக்காரர். 5 செ.மீ. கனத்துக்குப் போட்டாலே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிலோ. 100 சதுர மீட்டர் கூடம் என்றால் 12 டன். அந்தப் பாரம் முழுவதும் விட்டத்தில் இறங்கும். விட்டமோ சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில்தான் முதலில் இற்றுப்போகும், ஏனென்றால் ஓதம், அதாவது ஈரக்கசிவு, தங்குவது அங்கேதான். நடுவில் பளபளவென்று இருக்கும் தேக்கைப் பார்த்து ஏமாறக் கூடாது. முனைக்குப் பக்கத்தில் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்னும், இற்றது மொத்தென்று கேட்கும். திருப்புளி நுனி சுலபமாக இறங்கினால் அந்த முனைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கெட்ட பகுதியை அறுத்துப் பழைய தேக்கை ஒட்டுப்போட்டு, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து போல்ட் முடுக்கலாம். முழு விட்டத்தையும் கழற்ற வேண்டியதில்லை.

சுவருக்கும் சிமெண்ட் ஆகாது. செங்கல்லும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஏறும் ஓதத்தை வெளியே விட்டு உலரும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, இரண்டு மூன்று மழைக்குள் பூச்சு செங்கல் தோலோடு பொரிந்து விழும். நீற்றிய சுண்ணாம்பைக் குறைந்தது பதினைந்து நாள் தண்ணீரில் ஊறவிட்டு, ஒரு பங்குக்கு இரண்டு முதல் மூன்று பங்கு சலித்த மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் கைபோன போக்கில் ஊற்றக் கூடாது. ஒரு முழச் சதுரத்தில் மாதிரி பூசி, வெடிக்கிறதா என்று பார்த்த பிறகே சுவரில் கைவைக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் விரல் கனத்துக்கு மேல் போகாமல், முந்தையது இறுகிய பிறகே அடுத்தது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு இருந்தால் துடைக்க ஈரத்துணி போதும். அதில் உப்புத்தாள் போடுவதும் எமல்ஷன் அடிப்பதும் பெரும் பாவம்.

தரையில் ஆத்தங்குடிக் கல் இருந்தால் ஆசிட் காட்டாதீர்கள், நிறம் வெளுத்துவிடும். பெஞ்சுகளின் காலில் ரப்பர் மாட்டுங்கள்.

மணியைப் பழைய சுவரில் தொங்கவிடவே கூடாது. ஆடும் மணி பக்கவாட்டில் இழுக்கும். சுண்ணாம்புக் கட்டு அந்த இழுப்புக்காகக் கட்டியது கிடையாது. முற்றத்தில் தனிக் கால் நட்டு மணிக்கூண்டு எழுப்பலாம், அதன் குழியும் சுவர் அஸ்திவாரத்தை விட்டு நன்றாக விலகியிருக்க வேண்டும். இழைத்த சுவர் எதிரொலிக்கும் என்பதால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குப் பதில் சிறியவை ஆறு, தணிந்த சத்தத்தில் வைத்தால் பிரசங்கம் தெளிவாகக் கேட்கும்.

வழிபாட்டு இடமாகப் பயன்படுத்த கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். அதை வாங்காமல் ஒரு செங்கல்லையும் தொடாதீர்கள். பரணில் பழைய கட்டுக் காகிதம் கிடந்தால் எடைக்குப் போடாமல் அரசு ஆவணக்காப்பகத்துக்குத் தெரிவியுங்கள். 1942 ஆகஸ்டில் தேவகோட்டைக் கோர்ட்டுக்கே தீ வைத்த மண் இது. இங்கே கோர்ட்டு என்பது வெறும் சுவர் கிடையாது, ஊரின் நினைவு.

அதனால்தான் சாட்சிக் கூண்டை இழைக்காமல் அப்படியே காக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். அதன் மேல்கட்டையைக் குனிந்து பாருங்கள். சத்தியம் செய்தவர்களும் பயந்து நின்றவர்களும் பிடித்துப் பிடித்து, நடுவில் மட்டும் சற்றே பள்ளமாகி வழுவழுவென்றிருக்கும். தச்சர் இழைப்புளியை எடுத்தால் அந்தப் பள்ளம் ஐந்து நிமிடத்தில் போய்விடும். எண்ணெய்த் துணியால் துடைத்து, அப்படியே வேதவாசக மேடையாக வைத்துக்கொள்ளலாம். நீதிபதியின் மேடையில் பலிபீடம் வரட்டும், படிக்கல்லை மாற்றாதீர்கள்.

வேலையைத் தை மாதம் தொடங்கி, கூரையை ஆடிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி அடைமழைக்கு முன் சுண்ணாம்பு இறுக அவ்வளவு நாள் வேண்டும்.