முள்ளுக்காடு என்றால் அவ்வளவு இளக்காரமா?

எங்கள் ஊர்ப் பாறைக்குன்றான கரட்டில் ஞாயிற்றுக்கிழமை நடந்த மரம் நடும் கூத்தை எல்லாரும் படத்தோடு பார்த்திருப்பீர்கள். ஜேசிபி, பேனர், மோர்ப்பந்தல், வரிசையாகப் புங்கன் கன்றுகள். 'தரிசு பசுமையாகிறது' என்று தலைப்பு வேறு. தரிசாம்! அங்கே ஏற்கெனவே ஒரு காடு வந்துகொண்டிருந்தது. அதை வழித்துப் போட்டுவிட்டுத்தான் குழி தோண்டினீர்கள்.

ஆடு ஏறுவது நின்ற பிறகு கரடு சும்மா கிடக்கவில்லை. கடிபட்டுக் கடிபட்டு முழங்காலுக்கு மேல் எழாமல் இருந்த காரை, சூரை முட்புதர்கள் பழைய வேரிலிருந்தே துளிர்த்து ஆளுயரம் வந்தன. யாரும் நடவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை. கணுவுக்கு நாலு முள்ளோடு நிற்கும் சங்கஞ்செடியை விலக்கிப் பார்த்தால், உள்ளே நிழலில் ஓர் அழிஞ்சில் மரக்கன்று நிற்கும். பழம் தின்ற சின்னான் குருவி எச்சத்தில் போட்ட விதை. அந்த முள்தான் அதற்கு வேலி. நீங்கள் வைத்த புங்கனுக்குச் சித்திரை வெயிலில் யார் தண்ணீர் ஊற்றுவது? பேனரா?

உடனே வருவார்கள், 'ஆட்டுக்காரன் வயிற்றில் அடிக்கிறாயா' என்று. என் கல்லூரிக் கட்டணமே அப்பத்தா ஆடு விற்ற காசு. எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். இங்கே ஆடு நின்றது தடையால் அல்ல, மேய்க்க ஆள் இல்லாமல்.

'ராஜஸ்தானின் பரத்பூர் பறவைகள் சரணாலயத்தில் 1982-இல் மேய்ச்சலைத் தடுத்ததும் ஏரியைப் புல் மூடிவிட்டதே' என்றார் ஒரு படித்தவர். ஐயா, அது எருமை மேய்ந்த சதுப்பு. இது பாறைக்கரடு. அப்புறம், 'ஆரோவில்லில் நட்டுத்தானே வளர்த்தார்கள்?' ஆமாம். மண்ணே அரித்துப்போன செம்மண் மேட்டில், முதலில் வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தி, ஆடுமாட்டைத் தடுத்து நட்டார்கள். இங்கே வேர் உயிரோடு இருந்தது.

சீமைக் கருவேலம் வந்துவிடும் என்பது மட்டும் நியாயமான பயம். அதன் நெற்றைத் தின்று புழுக்கையோடு விதையைப் பரப்பியதே ஆடுதான். ஆனால் அந்த விதைக்குக் கிளறிய மண்தான் கொண்டாட்டம். அதைத்தான் செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

குழுவில் இதைச் சொன்னதற்கு, 'வேலை செய்பவர்களைக் குறை சொல்வதே உங்களுக்கு வேலை' என்று பதில். இத்தனை வருடம் அந்தக் கரட்டில் செடி செடியாகப் பார்த்துக்கொண்டு திரிந்தவன் வேலை செய்யாதவன். அரை நாள் செல்ஃபி எடுத்தவர்கள் இயற்கை ஆர்வலர்கள். சரி, இருக்கட்டும்.

அடுத்த ஞாயிறு மேற்குச் சரிவாம். ஜேசிபி மட்டும் வேண்டாம். சீமைக் கருவேலங்கன்று பிடுங்க ஆள் தேவையென்றால் நானே வருகிறேன். மோரும் நானே கொண்டு வருகிறேன்.